பானெட்டில் ஒரு பொட்டு

என் கணவருக்கு நான் இரண்டாவது மனைவி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், ஒரு பழைய காருக்குப் பாலிஷ் போட்ட கதையில் இத்தனை வயிற்றெரிச்சல் எங்கிருந்து வந்தது என்று படிப்பவர்கள் குழம்புவார்கள். முதல் மனைவி இறந்துபோகவில்லை. பெங்களூரில் நன்றாகவே இருக்கிறாள். ஒத்துவரவில்லை என்று இருவரும் பேசி, கோர்ட்டுக்குப் போய், சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துகொண்டார்கள். இறந்துபோனவளாக இருந்தால் படத்துக்கு மாலை போட்டு, நாமும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு, நல்லவள் என்று பெயர் வாங்கிக்கொள்ளலாம். உயிரோடு, அதுவும் ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருப்பவளை என்ன செய்வது?

எனக்குக் கல்யாணம் ஆனபோது முப்பது தாண்டி வெகுநாளாகியிருந்தது. ஊத்தங்கரைப் பக்கம் என் ஊர். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஓசூருக்கு வந்து, ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் சேர்ந்தேன். ஹாஸ்டல், கம்பெனி பஸ், ஷிஃப்ட், மறுபடியும் ஹாஸ்டல் என்று இளமை போனது. என் வேலை, கண்ணால் பார்ப்பது. இருபுறமும் டியூப் லைட்டுகள் எரியும் கூண்டு போன்ற ஓர் இடத்தில் நிற்பேன். பெயிண்ட் அடித்த பெட்ரோல் டேங்க்குகள் தலைக்குமேல் ஓடும் சங்கிலியில் தொங்கிக்கொண்டு வரும். தூசி ஒட்டியிருக்கிறதா, பெயிண்ட் வழிந்திருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பிறகு அந்தக் குறைகளைத் தேய்த்துச் சரிசெய்யும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஊசிமுனை அளவு தூசியைச் சுற்றியிருக்கும் பெயிண்டுக்குச் சேதமில்லாமல் எடுப்பதில் எனக்குப் பெயர் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலையை நான் விடவில்லை.

அவர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருப்பவர். கம்பெனிகளுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பார். அதிகம் பேசமாட்டார், குடிக்கமாட்டார், வீட்டுக்கு நேரத்தோடு வருவார். என் சூப்பர்வைசரின் மனைவி மூலம் வந்த சம்பந்தம். இரண்டு பேரும் ஹோட்டலில் காபி குடித்துப் பேசிக்கொண்டபோது, முதல் கல்யாணத்தைப் பற்றி நாலு வார்த்தையில் சொல்லி முடித்தார். எனக்கும் அதற்குமேல் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்றுதான் அப்போது தோன்றியது. காபி குடிக்கும்போது தோன்றுவதெல்லாம் அப்படித்தான் போலிருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் இருந்தது. அதற்குள், துணி உறையைப் போர்த்திக்கொண்டு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டே கதவு, இரண்டே சீட். உள்ளே உட்கார வேண்டுமென்றால் வணங்கிக் குனிந்து இறங்க வேண்டும். இளவயதில், பட்டறைக்கு ஆர்டர்கள் குவிந்த ஒரு காலத்தில், பெங்களூர்க்காரர் ஒருவரிடமிருந்து ஆசைப்பட்டு வாங்கியது. மஞ்சள் வண்டி. மஞ்சள் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். வெயிலில் கிடந்து, பொருக்கு விட்டு, வெள்ளையடித்து வெகுநாளான சுவரைப்போல ஆகியிருந்தது. விரலால் தடவினால் மாவு ஒட்டும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் உறையை எடுத்து மடித்து வைப்பார். இஞ்சினை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடுவார். அது ஓடும்போது கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பார். பார்ப்பதுதான் என் தொழில் என்பதால் அந்தப் பார்வையை நான் தவறவிடவில்லை. அதில் பாதியாவது என்மேல் விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என்னிடம் தமிழ், தங்களுக்குள் தெலுங்கு. அவருடைய தங்கை, என் நாத்தனார், பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். வாரம் ஒருமுறையாவது வந்துவிடுவாள். நல்ல மாதிரிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் என்னை 'அக்கா' என்று கூப்பிட்டாள். தெலுங்கில் அண்ணன் மனைவியை 'வதினா' என்பார்கள். அந்த வார்த்தை பெங்களூரில் இருப்பவளுக்கு என்று எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா என்பது யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவது. பூக்காரியைக் கூப்பிடுவது, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவளைக் கூப்பிடுவது. ஒவ்வொரு முறை அவள் அக்கா என்னும்போதும் எனக்கு உள்ளே சுருக்கென்றது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் காபி போட்டுக் கொடுப்பேன்.

ஒரு வருடத்துக்குள் எனக்குத் தெலுங்கு புரிய ஆரம்பித்துவிட்டது. ஹாஸ்டலில் ஆந்திர எல்லையில் இருக்கும் குப்பம் ஊரிலிருந்து வந்த பெண்களோடு இருந்தவள் நான், பாதி ஏற்கெனவே காதில் விழுந்துதான் இருந்தது. புரிகிறது என்று அவர்களிடம் சொல்லவில்லை. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது. உறையை எடுத்திருந்த காரின் முன்பக்கம், பானெட்டின் நடுவில், விரல் நுனி அகலத்துக்கு ஒரு கறை இருந்தது. நாத்தனார் அதைக் காட்டி, வதினா வைத்த ஆரத்திப் பொட்டு இன்னும் போகவில்லை பாருங்கள் என்று அண்ணனிடம் சொன்னாள். அவர் "ம்" என்றார்.

அந்த 'ம்' என்னைப் படுத்தியபாடு கொஞ்சமல்ல. ஒரு வாரம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஆமாம் என்ற ம்-மா, விடு என்ற ம்-மா, அவள் ஞாபகம் வந்த ம்-மா? கம்பெனியில் டேங்க் தேய்க்கும்போதும் அதே யோசனை. பக்கத்தில் நின்ற பெண், உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது, பொறாமைதான் பிடித்து ஆட்டியது.

கறையை அடுத்த நாளே தனியாகப் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் நடந்தது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆரத்தி என்பது மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர். புது வண்டி வீட்டுக்கு வந்ததும் சுற்றி, அதிலேயே விரலைத் தொட்டு வண்டிக்கும் பொட்டு வைப்பது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். பிறகு துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. ஓடிவந்த இஞ்சின் சூட்டோடு, வெயிலில், துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு பெயிண்டைத் தின்றுவிட்டது. துடைக்க மனசு வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததும் காதில் புகை வராத குறைதான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, பானெட்டில் இருக்கிற கறை என்ன என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன். அவர் எந்தக் கறை என்றார். பிறகு, ஏதாவது இருக்கும், வெயிலில் நின்ற வண்டிதானே என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். நான் நம்பவில்லை. மறைக்கிறார் என்றே முடிவுகட்டினேன். ஏமாற்றத் தெரியாத ஆள் என்று ஊரே சொல்லும் மனிதர்மேல் எனக்கு அன்று வந்த சந்தேகம், ஒரு சிபிஐ அதிகாரிக்குக்கூட வந்திருக்காது.

அவர் ரொம்ப நாளாகவே அந்தக் காரின் பெயிண்டை மீட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். புதிதாகப் பெயிண்ட் அடிக்க அவருக்கு விருப்பமில்லை. இருப்பதையே தேய்த்துப் பளபளப்பைக் கொண்டுவர வேண்டும் என்பார். பெங்களூரில் இதற்கென்றே ஏ.சி. போட்ட கடைகள் இருக்கின்றன, அங்கே விடலாமா என்று யோசனை. அந்த வாரமே சொன்னேன், பெங்களூருக்கெல்லாம் வேண்டாம், நானே செய்து தருகிறேன் என்று. எதற்கு என்று எனக்கு மட்டும் தெரியும். அந்த வண்டியிலிருந்து அவளை எடுத்துவிட வேண்டும். வீட்டில் அவருக்கு ஆசையான பொருள் ஒன்று இருக்குமென்றால், அதில் என் கை இருக்க வேண்டும், அவள் விரல் இருக்கக் கூடாது.

அவர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "உனக்கு எதுக்குச் சிரமம், கம்பெனியிலயும் இதே வேலைதான, லீவு நாள்லயும் இதையே செய்வியா" என்றார். தெரிந்த வேலைதானே என்றேன். பாலிஷ் போடும் மெஷினை எங்கள் பிரிவில் வேலை பார்த்து, வெளியே வந்து தனியாகக் கார் கழுவும் கடை வைத்திருந்த ஒருவரிடம் இரவல் வாங்கினேன்.

எடுத்தவுடன் பானெட்டில் கைவைத்தால் என் எண்ணம் வெளியே தெரிந்துவிடும். அதனால் பின்னாலிருந்து தொடங்கினேன். முதலில் ஷாம்பூ போட்டுக் கழுவி, இதற்கென்றே விற்கும் களிமண் போன்ற கட்டியால் பெயிண்டின் மேலே ஒட்டியிருக்கும் தொழிற்பேட்டைத் தூசியையெல்லாம் உருட்டி எடுத்தேன். இந்த ஊர்த் தூசியில் பாதி இரும்பு. கட்டி கருகருவென்று ஆகிவிடும். ரப்பர் ஓரங்களில் எல்லாம் டேப் ஒட்டினேன். கதவைத் திறந்து இடுக்கில் ஒட்டும்போது, மஞ்சளுக்குக் கீழே வெள்ளை தெரிந்தது. ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்த வண்டிக்கு மேலே மஞ்சள் அடித்திருக்கிறார்கள். டேப் சரியாக ஒட்டாமல் அடித்ததால் ஓரத்தில் கோடு கோணல். எவனோ அரைகுறை பார்த்த வேலை என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இந்தக் காலத்து வண்டிகளில் கலருக்குமேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். தேய்ப்பது அதைத்தான், கலரைத் தொடுவதில்லை. தேய்க்கும் பஞ்சில் கலர் ஒட்டினால் எங்கள் லைனில் பெரிய பஞ்சாயத்தே நடக்கும். இந்த மஞ்சளுக்கு மேலே அப்படி எதுவும் இல்லை. தேய்த்தால் கலரே வரும். மெஷினில் மாட்டிய கம்பளிப் பஞ்சு முதல் சுற்றிலேயே மஞ்சளாகிவிட்டது. எத்தனையோ தடவை கழுவினேன். என் நைட்டி மஞ்சள், நகக்கண் மஞ்சள், ஷெட்டிலிருந்து சாக்கடைக்குப் போகும் தண்ணீரும் மஞ்சள். கம்பெனியில் டிபன் பாக்ஸைத் திறந்தால், கல்யாண வீட்டுக்குப் போய் நலங்கு வைத்துக்கொண்டு வந்தாயா என்று கேலி செய்தார்கள்.

செத்த பெயிண்டைத் தேய்த்து எடுத்தால் அடியில் உயிருள்ள பெயிண்ட் இருக்கும். மெஷினை ஓரிடத்தில் நிறுத்தினால் சூடாகிப் பொசுங்கும், விளிம்பில் அழுத்தினால் தகரம் தெரியும். கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கரகரப்பான பேஸ்ட், பிறகு மெல்லியது, கடைசியில் மெழுகு. பின்பக்கம் முடிந்து, இடது கதவு முடிந்தபோது அவர் டீ எடுத்துக்கொண்டு வந்தார். கதவில் தன் முகம் தெரிவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். டீ ஆறும்வரைக்கும் கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். கதவைத்தான்.

இருந்தாலும் அந்த நாட்கள் நன்றாகவே இருந்தன என்று சொல்ல வேண்டும். அவர் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். கல்யாணமாகி அவர் அத்தனை பேசியது அப்போதுதான். என் வேலையைப் பற்றிக் கேட்டார். ஊசிமுனைத் தூசி எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது என்று கேட்டார். நான் விளக்கை எடுத்துச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் பார்க்கச் சொல்லிக் காட்டினேன். அவர் என் தோள்மேல் கைவைத்துக் குனிந்து பார்த்தார். அந்த நிமிஷம் மனசு குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே, இதே ஷெட்டில் அவளும் இப்படி நின்றிருப்பாளோ என்ற நினைப்பு வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. நல்ல சாம்பாரில் கல் கடித்தது மாதிரி.

பானெட்டை அவர் இல்லாத நாளுக்கு என்று வைத்திருந்தேன். அந்த நாளும் வந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு கம்பெனிக்குச் சரக்கு கொண்டுபோக வேண்டும் என்று காலையிலேயே கிளம்பிவிட்டார். எனக்கு வார லீவு. கேட்டைச் சாத்திவிட்டு, முதலில் சுண்ணாம்பை இளக்குவதற்குப் பஞ்சில் வினிகரைத் தொட்டு வைத்தேன். மேலே இருந்த பொருக்கு போனது. மெஷினால் தேய்த்தேன். சுற்றியிருந்த பெயிண்ட் பளபளவென்று எழுந்து வந்தது. பொட்டு இருந்த இடம் மட்டும் மங்கலாக, குழியாக அப்படியே இருந்தது. பளபளப்பு கூடக் கூட அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏதோ அவளே அங்கே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்ப்பதுபோல.

வாட்டர் பேப்பர் என்கிற மெல்லிய உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சின்ன ரப்பர் கட்டையில் சுற்றிக் கையாலேயே தேய்க்கத் தொடங்கினேன். இங்கேதான் ஆபத்து. எவ்வளவு மஞ்சள் மிச்சம் இருக்கிறது என்று தெரியாது. ஒரு இழுப்பு அதிகமானாலும் அடியிலிருந்து வெள்ளை எட்டிப் பார்த்துவிடும். அப்படி ஆனால் பானெட் முழுக்கப் புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான். கம்பெனியில் ஒரு டேங்க் போனால் இன்னொரு டேங்க் வரும். இங்கே அப்படி இல்லை. நாலு தேய், துடை, விளக்கைச் சாய்த்துப் பார். மறுபடியும் நாலு தேய். ஒரு கட்டத்தில் நேராகப் பார்த்தால் கறை தெரியவில்லை. சாய்த்துப் பார்த்தால் மட்டும் நிழல்போல ஒரு வட்டம். வேறு யாராக இருந்தாலும் அதோடு நிறுத்தியிருப்பார்கள். நான் பொறாமைக்காரி, நிறுத்தவில்லை. அந்த இடத்து மஞ்சள் லேசாக வெளுக்கிறதோ என்று தோன்றியபோதுதான் கையை எடுத்தேன். பிறகு பேஸ்ட், மெழுகு. வெள்ளை வரவில்லை, வட்டமும் போய்விட்டது. எந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாலும் ஒன்றுமில்லை.

எனக்கு ஒரே கொண்டாட்டம். கைகால் கழுவிக்கொண்டு, வெல்லம் போட்டுக் கொஞ்சம் கேசரி கிண்டினேன். தனியாகவே சாப்பிட்டேன். நாலு வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளும் வெற்றி இல்லையே அது.

அடுத்த ஞாயிறு நாத்தனார் வந்தாள். முழுக்க முடிந்த வண்டியைப் பார்த்து வாயைப் பிளந்தாள். பிறகு நான் எதிர்பார்த்ததுபோலவே பானெட்டுக்கு முன்னால் வந்து, நடுவில் தேடினாள். கையை வைத்துத் தடவினாள். அண்ணனைப் பார்த்து, "போயிந்தி" என்றாள். போய்விட்டது என்று அர்த்தம். அவர் நிமிர்ந்து பார்த்து, என்ன போய்விட்டது என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அவள் பொட்டைச் சொன்னதும், ஓ அதுவா, அது இருந்ததா என்றார். இத்தனை நாள் நான் சந்தேகப்பட்டது அத்தனையும் வீண் என்று தெரிந்தது. கறையை அழித்ததைவிட அவருக்கு அது ஞாபகமே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். அன்று நாத்தனார் அக்கா என்று கூப்பிட்டபோதுகூடச் சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

அன்றைக்கே, வா ஒரு சுற்று போய்வரலாம் என்றார். ராயக்கோட்டை ரோட்டில் போய் அங்கே டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். நான் இருந்ததில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டேன். அவர் பக்கத்து சீட்டில் இறங்கி உட்கார்ந்தபோது சீட் பின்னால் தள்ளியிருந்தது, என் கால் சரியாக ஊன்றவில்லை. அவள் உயரமானவளாக இருக்க வேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டேன். வண்டி ரோட்டுக்கு வந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையில் நின்றவர்கள், தக்காளி லாரி டிரைவர், பள்ளிக்கூட வேனில் டியூஷன் போகிற பிள்ளைகள் எல்லாரும். அவர் வயதில் பத்துக் குறைந்துபோய் ஓட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் கை பட்ட வண்டி.

சானமாவு காட்டுக்குள் நுழைந்ததும் வண்டிகள் வரிசையாக நின்றன. ராகி அறுப்பு நேரம், யானைக்கூட்டம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது என்று வனத்துறை ஆட்கள் இருபுறமும் நிறுத்தியிருந்தார்கள். கம்பெனி வேனிலிருந்து இறங்கிய பையன்கள் யானையை விட்டுவிட்டு எங்கள் காரைச் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். ஒருவன் கன்னடத்தில் எந்த வருஷத்து வண்டி என்று கேட்க, இவரும் கன்னடத்தில் உற்சாகமாகப் பதில் சொன்னார். கையில் தடியோடு வந்த வனக்காவலர் ஜன்னலில் குனிந்து, "சார், ஆன தாண்டற வரைக்கும் இஞ்சின ஆஃப் பண்ணி வைங்க, சத்தம் ஆவாது" என்று சொல்லிவிட்டு, பையன்களை விரட்டினார். இவர் சாவியைத் திருப்பினார். காடு நிசப்தமானது.

ஸ்டீயரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, முன்னால் வெயிலில் ஜொலித்த பானெட்டைப் பார்த்தார். நான் வாங்கும்போது இது வெள்ளை வண்டி தெரியுமா என்றார். தெரியும், கதவு இடுக்கில் பார்த்தேன் என்றேன். பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவளைப் பற்றி வாய்திறந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளை வேண்டாம் என்று அவள்தான் நின்றாளாம். பெங்களூரில் பெயிண்ட் கடைக்காரர் கலர் கார்டுகளையெல்லாம் மேஜையில் பரப்பியிருக்கிறார். ஒன்றும் பிடிக்கவில்லை. அடுத்த வாரம், காவேரிப்பட்டணத்துப் பக்கம் இருந்த அவள் அப்பாவின் தோப்பிலிருந்து ஒரு பை நிறைய மாம்பழம் கொண்டுபோய், ஒன்றை அறுத்து அவர்முன் வைத்து, இந்தக் கலர் என்றிருக்கிறாள். தோலின் கலர் இல்லை, உள்ளே இருக்கிற கலர். கடைக்காரர் கலக்கக் கலக்க அறுத்த பழம் கறுத்துப்போகும். அவள் இன்னொன்றை அறுப்பாள். இப்படி அந்தப் பை முழுக்கத் தீரும்வரைக்கும் விடாமல் நின்று, அந்தக் கலரை வாங்கிக்கொண்டுதான் வந்தாளாம். அப்புறம்தான் வீட்டில் ஆரத்தி சுற்றியது.

சொல்லும்போது அவர் சிரித்தார். அவள்மேல் ஏக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, பழைய விளையாட்டு ஒன்றைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வருசம் ரெண்டு வருசம் அப்படி இருந்துச்சு. அப்புறம் மங்கிப்போயி, அது என்ன கலர்னே எனக்கு மறந்துபோச்சு. நீ தேய்ச்சப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. அச்சு அசலா அதே மாம்பழத்தக் கொண்டாந்துட்ட" என்றார்.

பாராட்டித்தான் சொன்னார். நான் முன்னால் இருந்த பானெட்டையே பார்த்தேன். நகத்தளவு பொட்டைத் தேடித் தேடி அழித்தவள் நான். தலையிலிருந்து கால்வரை அந்த வண்டி முழுக்க அவள்தான் இருந்திருக்கிறாள். மங்கி, செத்து, மாவாக உதிர்ந்துகொண்டிருந்தவளை, என் லீவு நாட்களையெல்லாம் போட்டு, தோள்பட்டை கழன்றுபோகத் தேய்த்து, அவர் கண்ணெதிரில் உயிரோடு எழுப்பி உட்காரவைத்திருக்கிறேன். அவர் மறந்துபோனதை நானே எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறேன். இதற்கு அந்தப் பொட்டு அங்கேயே இருந்து தொலைந்திருக்கலாம்.

மனசில் வைத்துக்கொண்டு புழுங்குவதற்கு எனக்கு இனி தெம்பில்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"எனக்கு இந்தக் கலர் வேணாங்க. மாத்திடலாம்."

அவர் சிரிப்பு அடங்கியது. என்னையே பார்த்தார். பொட்டு, அவர் இல்லாத நாளாகப் பார்த்துப் பானெட்டைத் தேய்த்தது, நான் பின்பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்கியது எல்லாமே அவருக்கு அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏமாற்றத் தெரியாத ஆளே தவிர, முட்டாள் இல்லை. கோபித்துக்கொள்வார், இத்தனை பாடுபட்டு மீட்டதை அழிப்பதா என்பார் என்று எதிர்பார்த்தேன். பதில் சண்டைக்கு வார்த்தைகளைத் தயாராகவும் வைத்திருந்தேன்.

"மாத்தலாம். நீ ஒழைச்ச வண்டி, உன் இஷ்டந்தான்" என்றார். "சொல்லு, உனக்கு என்ன கலர் வேணும்?"

நான் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷம் கலர்களுக்கு நடுவில் நின்றவள் நான். கண்ணை மூடினால் டேங்க்குகள் வரிசையாக வந்தன. சிவப்பு, கறுப்பு, நீலம், சாம்பல். ஒவ்வொன்றிலும் எங்கே தூசி விழும், எங்கே வழியும் என்று சொல்லத் தெரியும். எது எனக்குப் பிடிக்கும் என்று தெரியவில்லை. முகூர்த்தப் புடவையின் கலரை என் அக்கா முடிவு செய்தாள். கம்பெனிச் சட்டையைக் கம்பெனி கொடுத்தது. ஹாஸ்டல் சுவர் எந்தக் கலரோ அதற்குள் இருந்தேன். இந்த வீட்டுச் சுவர்களும் நான் வருவதற்கு முன்பே அடித்து முடிந்திருந்தன. வெள்ளை என்று சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் அது அவளுக்கு முன்னால் இருந்தது என்பதற்காகத்தானே தவிர, எனக்கு வெள்ளை வேண்டும் என்பதற்காக இல்லை. அவர் அவசரப்படுத்தாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் என்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் ஏங்கியிருந்தேன். பார்த்தபோது என்னிடம் பதில் இல்லை.

யானைகள் தாண்டிவிட்டன. விசில் ஊதினார்கள். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடிக்கத் தொடங்கினான். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

அதன் பிறகு இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டார், கலர் முடிவாயிற்றா என்று. கிண்டலாக இல்லை, நிஜமாகவே. நான் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தேன். கார் இன்னும் மாம்பழமாகத்தான் நிற்கிறது. மங்கினால் என் கை சும்மா இருக்காது என்பதால் அவ்வப்போது மெழுகு போடுவதும் நான்தான். இவருக்காக வந்த பொறாமையாக இருந்திருந்தால் அது என்றைக்கோ தீர்ந்திருக்கும், இவர் என்னோடுதான் இருக்கிறார், சந்தோஷமாகவும் இருக்கிறார். தேய்க்கும்போதெல்லாம் நான் பார்ப்பது, பெயிண்ட் கடை மேஜைக்கு முன்னால் கத்தியோடு நின்று, இது இல்லை, இதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே அடுத்த பழத்தை அறுக்கும் அந்த உயரமான பெண்ணை. அவள்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். அந்தக் கடைக்கு ஒருநாள் நானும் போவதாக இருந்தால், பையில் எதைப் போட்டுக்கொண்டு போவது என்று எனக்குத் தெரியவில்லை.